சவுரியம்மாளின் தும்மல் பரிசோதனை

திண்டிவனம் பஸ் நிலையத்தில் விழுப்புரம் பஸ் நிற்கும் நேரம், ஒரு ஆள் இறங்கி வேட்டியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறும் நேரம்தான். அதற்குள் சவுரியம்மாள் ஒரு பக்கத்து ஜன்னல்கள் அத்தனையிலும் அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை நீட்டி, மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரியை நீட்டி, தூங்குகிறவர்களையும் எழுப்பி வாங்க வைத்துவிடுவாள். பஸ் நகர்ந்தால் கூடவே ஓடுவாள். கூடை தலையில், பொட்டலம் கையில், வாய் மட்டும் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. அவள் குரல் கேட்டால் ஓட்டுநர்கள் பிரேக்கை லேசாகத் தொடுவார்கள். தொடாத ஓட்டுநரின் குடும்பத்தைப் பற்றி அவள் சொல்வது அடுத்த நிறுத்தம் வரை பஸ்ஸுக்குள் பேச்சாக இருக்கும்.

வயது நாற்பத்தாறு. இரண்டு பையன்கள், இருவருமே பெரிய தலையோடு பிறந்தவர்கள். அந்தக் குற்றச்சாட்டை அவர்களுக்கு மீசை முளைத்த பிறகும் அவள் வாபஸ் வாங்கவில்லை. கணவர் அன்புச்செல்வன் மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் மட்டும் அவள் வாய் மூடியிருக்கும், அதுவும் பிரசங்கம் நீளாத வரைக்கும்.

பஸ் நிலையத்தில் பிழைக்கிற பெண்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. காலையில் வீட்டில் ஒரு டம்ளர் டீ. அதற்குப் பிறகு கூடை காலியாகும்வரை தொண்டையில் தண்ணீர் இறங்கக் கூடாது. கழிப்பறை இருக்கிறது, நடக்கிற தூரம்தான். ஆனால் கூடையை விட்டுப் போனால் பஸ் வந்துவிடும், பஸ் வந்தால் பக்கத்துக்காரி ஓடிவிடுவாள், திரும்பி வரும்போது அந்த ஜன்னல்கள் எல்லாம் அவளுடையவை ஆகியிருக்கும். காய்ச்சல் என்று ஒரு வாரம் வராதவளின் இடத்தைக்கூட விட்டுவைப்பார்கள். மூத்திரம் போனவளுக்கு அந்த மரியாதை கிடையாது. எனவே நாள் முழுக்க அடக்கத் தெரிந்தவளே அங்கே வியாபாரி. அடக்க முடியாமல் போனவர்கள் ஒவ்வொருவராக வீட்டோடு நின்றுவிட்டதைச் சவுரியம்மாள் பார்த்திருக்கிறாள்.

இரண்டு வருடமாக அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. மாதத்தில் சில நாள் என்று இருந்தது, மாதத்தில் சில நாள் மட்டும் விடுமுறை என்று ஆனது. பழைய நூல் சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு ஓடினாள். சவேரியாரிடம் வேண்டினாள். அவர் ஆண்பிள்ளை, அதிலும் சாமியார் என்பதால் விவரம் சொல்லவில்லை, வயிற்றுக் கோளாறு என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதனாலோ என்னவோ அவருக்கும் விஷயம் பிடிபடவில்லை. ஒரு நாள் விழுப்புரம் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். நடத்துநர் சின்னதுரை அவளை அதே பஸ்ஸில் ஏற்றிப் படுக்க வைத்து, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டார். கண் விழித்ததும் அவள் கேட்டது, சிதறின மல்லாட்டையை யாராவது பொறுக்கி வைத்தார்களா என்பதுதான்.

அங்கே டாக்டர் ஆர்த்தி. அவளுடைய மூத்த பையனைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். வரிசை கதவைத் தாண்டி நிற்கும் இடத்தில் வேலை பார்ப்பதால், ஒரு நோயாளியிடம் பேசிக்கொண்டே அடுத்த நோயாளியின் நாடியைப் பிடிக்கக் கற்றவர். கர்ப்பப்பையில் உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி என்று ஸ்கேன் காட்டியது. புற்றுநோய் இல்லை என்று சதைச் சோதனை சொன்னது. சில மாதங்கள் மாத்திரை கொடுத்துப் பார்த்தார், கட்டி அசையவில்லை. உடம்பில் ரத்தத்தின் அளவு மட்டும் இறங்கிக்கொண்டே போனது.

கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். எடுப்பதில் பல வழிகள் இருந்தன. வயிற்றைக் கீறி எடுக்கலாம். சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு எடுக்கலாம். வயிற்றைத் தொடாமலே கீழ்வழியாக எடுக்கலாம். கர்ப்பப்பையின் கழுத்தையும் சேர்த்து எடுக்கலாம், கழுத்தை விட்டுவைத்தும் எடுக்கலாம். இரண்டு பக்கத்துச் சினைப்பைகளையும் தொடாமல் விடலாம்.

சவுரியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "கறிக்கடையில கூட இத்தினி விதமா வெட்டிக் குடுக்க மாட்டாங்க டாக்டரம்மா," என்றாள். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எடுத்த பின்னாடி மூத்திரத்த அடக்க முடியுமா, முடியாதா?"

"அது ஆளைப் பொறுத்துங்கம்மா," என்று டாக்டர் ஆரம்பித்தார். அதற்குள் பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டார்கள். முதலில் ரத்தம் ஏறட்டும், அடுத்த முறை உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

ஆளைப் பொறுத்து என்பது பஸ் நிலையத்தில் செல்லுபடியாகிற பதில் இல்லை. விழுப்புரம் பஸ் எப்போது வரும் என்று கேட்டவனிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். சவுரியம்மாள் தானே விசாரிப்பது என்று முடிவு செய்தாள்.

விசாரிக்க ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. கர்ப்பப்பை எடுத்தவர்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தார்கள். பூ விற்கிற வீரம்மாளுக்கு வயிற்றில் தொப்புளுக்குக் கீழே நேர்க்கோடாகத் தழும்பு. செல்போன் கடை வைத்திருக்கும் கலைப்பிரியாவுக்குப் புதுச்சேரியில் துளை போட்டு எடுத்தது. கோலியனூரிலிருந்து வெள்ளரி மூட்டையோடு வருகிற கிருஷ்ணவேணிக்குக் கீழ்வழியாக எடுத்தது, வயிற்றில் நகக்கீறல்கூட இல்லை. அவர் சொந்த நிலத்துக்காரி, அறுபதை நெருங்குகிறவர். மூட்டையின் மேலேயே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய பாட்டில் தண்ணீரைக் காலி செய்துவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்.

கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: ஒன்றும் பிரச்சினை இல்லை. இதைச் சவுரியம்மாள் நம்பவில்லை. மல்லாட்டை மூட்டை வந்தால் வியாபாரி சொல்வதைக் கேட்டு யாரும் எடுப்பதில்லை. கையை விட்டு நடுவிலிருந்து ஒன்றை எடுத்து, உடைத்து, வாயில் போட்டுப் பார்ப்பார்கள். ஆட்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கையில் மிளகாய்த்தூள் டப்பா இருந்தது. வெள்ளரிக்குத் தூவுகிற தூள், காற்று அடித்தால் பஸ்ஸில் பாதிப் பேர் தும்முவார்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே டப்பாவைத் திறந்து, முந்தானையால் விசிறுவதுபோல் எதிராளியின் மூக்கை நோக்கி ஒரு வீச்சு. அதன் பிறகு முகத்தைப் பார்ப்பாள். தும்மி முடித்தவள் சாதாரணமாகத் திட்டினால் தேறிவிட்டாள். திட்டாமல் ஒரு நொடி அசையாமல் நின்று, தொடைகளைச் சேர்த்துக்கொண்டு, எங்கேயோ தூரத்தில் பார்த்தால் தேறவில்லை.

வீரம்மாள் அடுத்தடுத்துத் தும்மினாள். மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு, சவுரியம்மாளின் ஏழு தலைமுறையையும் வரிசையாக எடுத்தாள். அசைவே இல்லை. அப்புறம் வந்த புதுச்சேரி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடி, பூவை ஜன்னலுக்குள் போட்டுவிட்டு வந்தாள். முழுத் தேர்ச்சி. கலைப்பிரியா கடைக்குள் உட்கார்ந்தபடி தும்மினாள், காலின் மேல் கால் போட்டுக்கொண்டாள், சமாளித்துவிட்டாள்.

கிருஷ்ணவேணி ஒரே ஒரு தும்மல்தான் தும்மினார். பிறகு அசையாமல் நின்றார். தூரத்தில் பார்த்தார்.

"போச்சுடி," என்றார். "பாவி, சொல்லிட்டுத் தொறக்கக் கூடாதா? பஸ்ல மாத்துச் சேலையோடவா வர்றேன் நானு?"

அவரோடு வரும் பக்கத்துக் காட்டுக்காரிகள் இரண்டு பேருக்கும் கீழ்வழிதான். அவர்களிடமும் டப்பா திறக்கப்பட்டது. அவர்களும் தூரத்தில் பார்த்தார்கள்.

தீர்ப்பு எழுதியாயிற்று. கீழ்வழி ஒழுகும், துளைவழி சந்தேகம், வயிற்றைக் கீறினால் வாழ்க்கை. சவுரியம்மாள் இதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரத்தில் பஸ் நிலையம் வயிற்றுக் கட்சி, துளைக் கட்சி, கீழ்வழிக் கட்சி என்று பிரிந்தது. எதுவும் எடுக்காத பெண்களும் ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தார்கள். வீரம்மாள் தலைவியைப்போல நடந்தாள், கேட்பவர்களுக்கெல்லாம் சேலையைத் தளர்த்தித் தழும்பின் தலைப்பாகத்தைக் காட்டினாள். என்ன கட்சி என்று விசாரித்த நடத்துநர் சின்னதுரை, விவரம் தெரிந்ததும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறிவிட்டார்.

வீட்டில் அன்புச்செல்வனுக்கு வேறு கவலை. அதை நேராகக் கேட்க வாய் வரவில்லை. இரண்டு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, மண்டி மேஸ்திரி துரைக்கண்ணு சொன்னாராம் என்று ஆரம்பித்தார். கர்ப்பப்பை எடுத்துவிட்டால் பொம்பளை காலி மூட்டை மாதிரி, அப்புறம் புருஷனுக்கு அங்கே வேலை இல்லை என்று சொன்னாராம்.

"காலி மூட்டைன்னா தூக்கறது சுலபம்தான, உனக்கு இன்னா கஷ்டம்?" என்றாள் சவுரியம்மாள்.

ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கும் இருந்தது. மறுநாள் கலைப்பிரியாவிடம் கேட்டாள். கலைப்பிரியா கடையில் ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு சொன்னாள். காயம் ஆறுகிறவரை கிட்டே வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதுவரை நிம்மதி. பிறகு முதல் தடவை பயம். அதற்குப் பிறகு பழையபடிதான், சொல்லப்போனால் தேவலாம், ஏனென்றால் காலண்டரைப் பார்க்கத் தேவையில்லை. சினைப்பையை எடுக்காமல் விட்டதால் உடம்பு எரிச்சலும் வறட்சியும் வரவில்லை. துரைக்கண்ணு சொன்னதை எடுத்துச் சொன்னபோது அவள் இவ்வளவுதான் சொன்னாள்: "சவுரிக்கா, அந்த மேஸ்திரிக்குக் கல்யாணமே ஆவல."

அன்று இரவுச் சோற்றை அன்புச்செல்வன் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ரத்தம் ஓரளவு ஏறியதும் சவுரியம்மாள் முண்டியம்பாக்கம் போனாள். டாக்டர் ஆர்த்தி சொன்ன சொல்லைக் காப்பாற்றி, அவளைக் கடைசி ஆளாக உட்கார வைத்துப் பேச வந்தார். பேசுவதற்கு இடம் கொடுக்காமல் சவுரியம்மாள் ஆரம்பித்தாள். வயிற்றைத்தான் கீற வேண்டும், அதுவும் நேர்க்கோடாக, வீரம்மாளுக்கு இருக்கிற மாதிரி. கீழ்வழியாக எடுத்த மூன்று பேரும் ஒழுகுகிறார்கள், தானே சோதித்துப் பார்த்ததாகச் சொன்னாள். எப்படிச் சோதித்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். டப்பாவையே கொண்டுவந்திருந்தாள், திறந்து காட்டினாள். டாக்டர் தும்மினார், நர்ஸ் தும்மினார், திரைக்குப் பின்னால் பரிசோதனைக்குப் படுத்திருந்த அம்மாவும் தும்மினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டாக்டர் கேட்டார். "உங்களுக்கு எப்படி இருக்குங்கம்மா? தும்மினா சிந்துமா?"

சவுரியம்மாள் திகைத்தாள். ஊரையெல்லாம் சோதித்தவள் தன்னைச் சோதிக்கவில்லை. இரண்டு வருடமாக மடித்த துணி இல்லாமல் நின்றதே இல்லை. துணி நனைந்தால் ரத்தம் என்றுதான் நினைத்துக்கொண்டாள். பிரித்துப் பார்க்கவா முடியும்?

இப்போது பார்த்துவிடலாம், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர். அங்கே ஒரு சின்ன தகராறு நடந்தது. பகலில் தண்ணீர் குடிக்கிற வழக்கம் தனக்கு இல்லை என்றாள். நர்ஸ் இரண்டு பாட்டிலை நீட்டினார். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, விஷம் குடிக்கிறவளைப்போல ஒவ்வொரு வாயாக விழுங்கினாள். கொஞ்ச நேரம் போனது. எதிரே ஒரு கிழவர் பீடிப் பழக்கத்து இருமல் இருமினார். அதைக் கேட்டே அவளுக்கும் தொண்டை அரித்தது. இருமினாள்.

அசையாமல் உட்கார்ந்தாள். தூரத்தில் பார்த்தாள்.

அங்கே, தாழ்வாரத்தின் கோடியில், யாரோ ஒரு பெண் பெரிய பாட்டிலை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தாள். சவுரியம்மாளுக்குக் கிருஷ்ணவேணியின் பாட்டில் ஞாபகம் வந்தது. கிருஷ்ணவேணிக்கென்ன, காடு மேடு எல்லாம் சொந்தம், வரப்பு ஓரம் ஒதுங்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் குடிப்பார். வீரம்மாள் குடிப்பதே இல்லை. காலை டீயோடு சரி, அதுவும் வியர்வையாகப் போய்விடும்.

உள்ளே போய் டாக்டரின் முன்னால் நின்றாள். "நனைஞ்சிடுச்சு டாக்டரம்மா," என்றாள். "நான் காலிப் பானையத் தட்டிப் பாத்துக்கினு, ஒழுகலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்திருக்கேன்."

டாக்டர் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய். சிரித்து முடித்துவிட்டு இன்னொரு கேள்வி போட்டார். கீழ்வழியாக எடுத்தவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னால் எப்படி இருந்தது? சவுரியம்மாள் அதைக் கேட்கவில்லை. போய்க் கேளுங்கள் என்றார். கர்ப்பப்பை இறங்கிப்போனவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த வழி. இறங்கிய கர்ப்பப்பையோடு மூத்திரப்பையும் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். ஒழுகல் ஆபரேஷனோடு வந்ததா, ஆபரேஷனுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்ததா என்று தெரியாமல் கணக்குப் போடக் கூடாது.

பிறகு அன்றைக்கு விட்ட வாக்கியத்தை முழுதாகச் சொன்னார். கட்டி மூத்திரப்பையின் மேல் அழுத்திக்கொண்டிருக்கிறது, எடுத்தால் அந்த அவசரம் குறையும். இருமினால் சிந்துவது வேறு. பிரசவமும் தலைச்சுமையும் சேர்ந்து அடித்தளத் தசைகளைத் தொய்ய வைத்திருக்கின்றன, அதற்குப் பயிற்சி செய்ய வேண்டும். எந்த வழியாக எடுத்தார்கள் என்பது, எவ்வளவு சீக்கிரம் எழுந்து வேலைக்குப் போகலாம் என்பதைத்தான் பெரிதாக மாற்றும். கீழ்வழிக்கும் துளைவழிக்கும் சீக்கிரம், வயிற்றைக் கீறினால் தாமதம். துளைவழியில் மூத்திரக்குழாய்க்குக் காயம் படும் வாய்ப்பு ஒரு சிட்டிகை கூடுதல். கழுத்தை விட்டுவைத்தால் மூத்திரமும் மலமும் படுக்கையும் பழுதில்லாமல் இருக்கும் என்று முன்பு நினைத்தார்கள். இரண்டு விதமாகவும் எடுத்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் அப்படி ஒரு லாபமும் தெரியவில்லை. விட்டுவைத்தால் சிலருக்கு மாதாமாதம் கொஞ்சம் கசியும், கழுத்துப் புற்றுநோய்ச் சோதனையையும் விடாமல் செய்துகொள்ள வேண்டும். எந்த விதத்தில் எடுத்தாலும் சிலருக்கு வயதான பிறகு சிந்தலாம், யாருக்கென்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

"அதைத்தான் அன்னைக்கே ஆளைப் பொறுத்துன்னு சொன்னேன்," என்றார் டாக்டர்.

"அன்னைக்கு ஜல்தியில சொன்னீங்க," என்றாள் சவுரியம்மாள்.

மறுநாள் பஸ் நிலையத்தில் மறுதேர்வு. கலைப்பிரியா கடையிலிருந்து இரண்டு தண்ணீர் கேன்கள் வந்தன. சவுரியம்மாள் விஷயத்தை ஒளிக்கவில்லை. தான் நனைந்ததைச் சொன்னாள், எந்த பெஞ்ச் என்பது உட்படச் சொன்னாள். வீரம்மாள் மட்டும் மறுத்தாள். ஒரு முறை தேறியவளுக்கு எதற்கு மறுதேர்வு என்பது அவள் வாதம். தலைவி பயந்துவிட்டாள் என்று துளைக் கட்சி கூவியதும் பாட்டிலைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொன்றும் குடித்தாள். உள்ளே இறங்கியது வேலையைக் காட்டட்டும் என்று இரண்டு பஸ்களை விட்டுக் காத்திருந்தார்கள். பிறகு டப்பா திறந்தது.

வீரம்மாள் தும்மினாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

"சவுரி," என்றாள், உதட்டை அசைக்காமல். "பூக்கூடையப் பாத்துக்கோ." இத்தனை வருடத்தில் அவள் அந்தக் கூடையை இன்னொருத்தி கையில் கொடுத்ததில்லை. கொடுத்துவிட்டு, கழிப்பறைப் பக்கமாக, ஓடவும் முடியாமல் நடக்கவும் முடியாமல் ஒரு நடை போனாள். வயிற்றுக் கட்சி அங்கேயே கலைந்தது.

கிருஷ்ணவேணி மூட்டை மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்ததில் அவருக்கும் ஆனது, அதை அவர் பொருட்படுத்தவில்லை. சவுரியம்மாள் அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"யக்கா, எடுக்கறதுக்கு முன்னாடி எப்டி இருந்துது?"

"முன்னாடியா?" என்றார் கிருஷ்ணவேணி. "அது வெளியவே வந்து தொங்கிக்கினு இருந்துச்சுடி. நாத்து நடக் குனிஞ்சா கையால உள்ள தள்ளிட்டுக் குனிவேன். நாளெல்லாம் ஈரம்தான். இப்ப தும்மினாதான். அதுவும் உன்ன மாதிரி எவளாவது மொளகாத்தூளத் தொறந்தாதான்."

முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாமே என்று சவுரியம்மாள் ஆதங்கப்பட்டாள். நீ எங்கே கேட்டாய், டப்பாவைத்தானே திறந்தாய் என்றார் அவர்.

சவுரியம்மாளுக்குக் கட்டி பெரியது என்பதால் வயிற்றைக் கீறித்தான் எடுக்க முடியும் என்று டாக்டர் ஆர்த்தி சொன்னார். நேர்க்கோடு வேண்டியதில்லை, அடிவயிற்றில் குறுக்காகப் போதும். சினைப்பைகள் நன்றாக இருக்கின்றன, அவை இருக்கட்டும். கழுத்தை வைப்பதா எடுப்பதா என்பதை அவளிடமே விட்டார்.

"எடுத்துடுங்க," என்றாள். "மிச்சம் வச்சா மாசாமாசம் எட்டிப் பாக்கும்னு சொல்றீங்க. போறது குடும்பத்தோட போவட்டும்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சவேரியாருக்கு இந்த முறை விவரத்தை முழுதாகச் சொல்லியிருந்தாள். ஆறு வாரம் எடை தூக்கக் கூடாது என்றார்கள். மண்டியில் லீவு சொல்லிவிட்டு அன்புச்செல்வன் கூடையைத் தூக்கினார். அவருக்குத் தூக்கத் தெரியும், கத்தத் தெரியாது. பஸ் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, மல்லாட்டை வேணுங்களா என்று கோயிலில் பாவமன்னிப்புக் கேட்கிறவரைப்போல மெதுவாகக் கேட்டார். பஸ் போய்விடும். வெள்ளரியைப் பாதி அவரே சாப்பிட்டுத் தீர்த்தார். பொறுக்க முடியாமல் வீரம்மாள், பூவோடு மல்லாட்டையையும் சேர்த்துக் கத்த ஆரம்பித்தாள்.

வீட்டில் படுத்திருந்த சவுரியம்மாள் பயிற்சியைத் தொடங்கினாள். மூத்திரத்தைப் பாதியில் நிறுத்துவதுபோல் இறுக்கி, கொஞ்சம் பிடித்து வைத்து, மெல்ல விட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். பஸ் நிலையத்துக்குத் திரும்பியதும் மற்றவர்களுக்கு அதை அவள் தன் பாஷையில் விளக்கினாள்: நெரிசலான பஸ்ஸில், பக்கத்தில் சொந்தக்காரர் நிற்கும்போது, காற்றை எப்படி அடக்குவாயோ அப்படி. உடனே எல்லாருக்கும் புரிந்தது. அதிலிருந்து பஸ் வராத நேரங்களில் வீரம்மாளும் கலைப்பிரியாவும் சவுரியம்மாளும் ஒரே வரிசையில், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, பேசாமல் நின்றார்கள். சின்னதுரை இதைப் பார்த்துவிட்டு, ஏதாவது துக்கமா என்று கேட்டார். வேலையா இருக்கறோம் போயா என்றாள் சவுரியம்மாள்.

தண்ணீர்ச் சட்டமும் மாறியது. அடக்கி அடக்கி வைத்தால் தசை எவ்வளவு இறுகினாலும் பிரயோஜனம் இல்லை, மூத்திரத்தில் கிருமி சேரும், குடிக்கவும் வேண்டும், போகவும் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீரம்மாள் ஒரு முறை கூடையைக் கொடுத்துப் பழகியிருந்தாள். எனவே முறை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி போனால் இன்னொருத்தி அவள் கூடையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், விற்றது கூடைக்காரிக்கு. முதல் வாரம் இரண்டு சண்டைகள் நடந்தன. அதற்குப் பிறகு சண்டை வேறு விஷயங்களுக்குத் திரும்பியது.

மூன்றாம் மாதம் டாக்டர் அனுமதித்ததும், சவுரியம்மாள் சின்னக் கூடையோடு ஓடத் தொடங்கினாள். அன்று கிருஷ்ணவேணி வெள்ளரி மூட்டையோடு வந்திறங்கினார். பழைய பாக்கி ஒன்று இருக்கிறது என்றார். சவுரியம்மாள் அவருடைய பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்தாள், பாதிக்கு மேல் காலி செய்தாள். பழைய வழக்கப்படி இரண்டு பஸ் போகும்வரை காத்திருந்தார்கள். டப்பாவை இந்த முறை கிருஷ்ணவேணி திறந்தார். தாராளமாகவே திறந்தார்.

சவுரியம்மாள் தும்மினாள். மறுபடி தும்மினாள். மூன்றாவது தும்மலுக்கு முன்னால் இறுக்கிப் பிடித்தாள், அது முகத்திலேயே தெரிந்தது. தும்மி முடித்து, கண்ணில் நீரோடு நிமிர்ந்தாள். தூரத்தில் பார்க்கவில்லை. எதிரே நின்ற கிருஷ்ணவேணியையும் வீரம்மாளையும் நேராகப் பார்த்தாள். மடித்த துணி இல்லாத உடம்பு இப்போது எதையும் மறைக்கவில்லை.

"ஒரே ஒரு சொட்டு," என்றாள்.

அவள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. வீரம்மாள் யோசித்துவிட்டு, சொட்டுக்கெல்லாம் கணக்கு இல்லை, தேறிவிட்டாய் என்றாள். கிருஷ்ணவேணி ஆட்சேபித்தார். கலைப்பிரியா கடையிலிருந்து எட்டிப் பார்த்து, இன்னும் இரண்டு மாதம் கழித்து மறுபடி வைத்துப் பார்க்கலாம் என்றாள். விவாதம் முடிவதற்குள் விழுப்புரம் பஸ் உள்ளே திரும்பியது. சவுரியம்மாள் கூடையைத் தலைக்குத் தூக்கப் போனாள், பாதியில் நிறுத்தினாள். குடித்த தண்ணீர் கூப்பிட்டது.

கூடையை வீரம்மாள் தலையில் வைத்துவிட்டு, அவசரமில்லாமல், நிமிர்ந்து, கழிப்பறைப் பக்கம் நடந்தாள். பின்னால் வீரம்மாள் இரண்டு கூடைகளோடு பஸ்ஸைத் துரத்துகிற சத்தம் கேட்டது.

"மல்லாட்ட, மல்லாட்ட, மொழம் பத்து ரூவா, மல்லாட்ட."

சவுரியம்மாள் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். "மொழம் இல்லடி, பொட்டலம்."

அதற்கும் ஒன்றும் சிந்தவில்லை.